செஞ்சி தேசிங்குராஜன்

தோற்றுவாய்

செஞ்சிக்கு அணித்தாகத் தளவானூர் என்பதோர் சிற்றூர் உளது. அவ்வூர்ப் பாறையைக் குடைந்து, பல்லவர்கோனாகிய முதலாம் மகேந்திரவர்மன், கி. பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுப்பித்தான். தன் விருதுப்பெயர்களுள் ஒன்றாகிய சத்துருமல்லன் என்பதனை அதற்கு இட்டுச் சத்துருமல்லேசுவரம் என வழங்கினான். பகைவரோடு மற்போர் புரிவோன் என்பது அப்பெயரின் பொருள். சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசி பெரும்படையொடு வந்து காஞ்சி மதில்வரை நெருக்கிய காலத்தே ஆண்டவன் அவன். ஆகலின் அப்பெயர் வெறும் அணியன்று. ஆயினும், கல்லிலே பொறித்த அவ்வேந்தனது பெயரை இன்று அவ்வூர்ப் பக்கத்தே வினவினால், கற்றார் சிலரன்றி ஏனையோர் அறியார். அவனுக்கு ஆயிரத்து நூறு ஆண்டு பிற்பட்டுத் தோன்றி, ஓராண்டும் நிரம்ப ஆளாது மடிந்த ஓர் இளைஞனது பெயரையோ, ஆடு மேய்க்கும் சிறுவனும் தட்டின்றிச் சொல்வான். அவ்விளைஞனே தேசிங்குராஜன்.

அவன் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அன்பர்களே! சில ஆண்டுகளுக்கு முன் யான் என் மாணவர் சிலரைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். இராஜகிரியின் உச்சியில் நின்று கீழே நோக்கிய சிறுவன் ஒருவன், இத்துணை உயர்ந்த மலையும் மதிலும் அகழியும் உடையவன் கோட்டைக்குள்ளே இராமல் வெளியே சென்று ஏன் ஐயா செத்தான் என்று வினவினான். அஞ்சாமையால் என்று யான் விடை கூறினேன். அவ்விடை அச்சிறுவனுக்கு நிறைவு தந்தது, எனக்குத் தரவில்லை. அன்றுமுதல் அவ்வினாவை என் உள்ளத்திற் சுமந்து, நூல்களைப் பயின்றும், முதியோரைக் கேட்டும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் முறையே தொகுத்துரைப்பேன்.

கோட்டையின் மாட்சி

கிருஷ்ணகிரி, இராஜகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து முக்கோணமாக அமைத்ததே செஞ்சிக் கோட்டை. இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. மதிலைச் சூழ 80 அடி அகலமுடைய அகழி இருந்தது. உச்சியை அடையுமுன் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையதோர் பிளவு குறுக்கிடும். அதன்மேல் இட்டிருந்த மரப்பாலத்தை உள்ளிருப்போர் இழுத்துக்கொண்டால், ஒரு சில வீரரே பெரும்படையைத் தடுத்து நிறுத்தல் கூடும். மலைமேல் நீர்ச்சுனைகளும், கீழே நெற்களஞ்சியங்களும் உள. இயற்கையும் செயற்கையும் ஒருங்கு கூடி அமைத்த அரண் இதுவென்றே கூறலாம்.

இவ்வரணை முதலிற் கோட்டையாக்கியவன் ஆனந்தக்கோன் என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர் விசயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்க மன்னர் இதனை விரிவாக்கினர். அவர்க்குப்பின் பீசப்பூர்ச் சுல்தானுடைய படை கி. பி. 1649ஆம் ஆண்டையொட்டி இதனைக் கைக்கொண்டது. கி. பி. 1677இல் மராட்டிய மன்னன் சிவாஜி தெற்கு நோக்கி வந்து பீசப்பூராரிடமிருந்து இதனைப் பெற்று, மதில்களைச் செப்பனிட்டு வலிமையுறச் செய்தான். அவன் செய்த வேலையின் பயன் அவன் மைந்தனுக்கு உதவிற்று.

சிவாஜியின் மூத்த மகனாகிய சாம்பாஜி கி. பி. 1689இல் ஔரங்கசீபின் கையிற் சிக்கிக் கொலையுண்டான். இளையவனாகிய இராஜாராம் மாற்றுருக் கொண்டு, பகைவர் கண்ணிற் படாமல், அவ்வாண்டின் இறுதியிற் செஞ்சியை வந்தடைந்தான். மராட்டிய அரசின் தலைநகர் அந்நாள்முதல் செஞ்சியே ஆயிற்று. அவனைப் பிடித்தற்கு ஔரங்கசீபு தன் படைத்தலைவனாகிய சுல்பிகர்கானை ஏவினான். கி. பி. 1690இல் தொடங்கிய முற்றுகை கி. பி. 1698இன் தொடக்கத்திலேதான் முடிவுற்றது. ஆசியாவின் மிகப்பெரிய பேரரசுகளுள் ஒன்றின் படை, ஒரு மலைக்கோட்டையின் முன்னே ஏறத்தாழ எட்டாண்டு காத்துக் கிடந்தது. கோட்டை வீழ்ந்தபொழுதும் இராஜாராம் அகப்பட்டானல்லன். முன்னரே தப்பி வேலூர் வழியாகத் தன் நாடு சேர்ந்தான்.

இம்முற்றுகை இத்துணைக் காலம் நீண்டது கல்மதிலால் மட்டுமோ எனின், அன்று. சாந்தாஜி கோர்ப்படே, தானாஜி சாதவ் என்னும் மராட்டியத் தலைவர் இருவர் வெளியே திரிந்து, முற்றுகையிட்டோரது உணவையும் பொருளையும் வழிமறித்தனர். கி. பி. 1692இன் இறுதியில் அவர்தம் தாக்குதலால், முற்றுகையிட்டோரே முற்றுகைப்பட்டோர்போல் ஆகி, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. தஞ்சை மராட்டியரின் துணையும் உள்ளிருந்தோர்க்குக் கிடைத்தது. எனவே, உள்ளே பொறுமையும் வெளியே துணையும் இருந்தமையால் அக்கோட்டை நின்றது. இதனை அன்பர்கள் நினைவிற் கொள்க, பின்னே வேண்டப்படும்.

பூந்தேலர் வருகை

செஞ்சியைக் கைப்பற்றிய சுல்பிகர்கானுக்கு நுஸ்ரத்ஜங் என்பது பட்டப்பெயர். அதனால் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் இட்டனர். மொகலாயர் படையில் இராசபுத்திர வீரரும் பலராய்ப் பணிபுரிந்தனர். அவருள், நடு இந்தியாவிலுள்ள பூந்தேல்கண்டத்துப் பூந்தேலர் குடியிற் பிறந்த சொரூப்சிங் என்பவன், கி. பி. 1700ஐ ஒட்டிச் செஞ்சியின் கில்லேதாராக அமர்த்தப்பெற்றான். கில்லேதார் என்பது கோட்டைத் தலைவனைக் குறிக்கும் அக்கால வழக்கு. கோட்டையைக் காத்தற்குரிய செலவுக்காகச் சுற்றுநிலங்களின் வருவாய் அவனுக்கு ஜாகீராக விடப்பட்டது. அதனின்று மேலரசுக்குச் செலுத்தவேண்டிய திறையும் உண்டு.

அக்காலத்தே நிகழ்ந்த மாறுதல் ஒன்று சிறிதாகத் தோன்றினும் பயனாற் பெரிது. செஞ்சியின் நீரும் காற்றும் உடலுக்கு ஒவ்வாது காய்ச்சலை விளைக்கின்றன என்று மொகலாய அதிகாரிகள் கருதினர். அதனால் கருநாடகத்தின் ஆட்சியிடம் ஆர்க்காட்டிற்கு மாற்றப்பட்டது. செல்வமும் படையும் கணக்கரும் அங்கே சென்றனர். நேற்றுவரை தலைநகராயிருந்த செஞ்சி, எல்லைக்கோட்டை ஒன்றன் நிலைக்கு இறங்கிற்று. மலை குறையவில்லை, மதில் குறையவில்லை, பின்னே நின்ற வலிமையே குறைந்தது.

சொரூப்சிங் முதுமையெய்தும் வரை அக்கோட்டையைக் காத்தான். கடலூர்ப் பக்கத்தே செயிண்ட் டேவிட் கோட்டையிலிருந்த ஆங்கில வணிகரோடும் அவனுக்குப் பூசல் விளைந்தது. புதுவையிலிருந்த பிரெஞ்சுக்காரர் இடைநின்று அதனைத் தணித்தனர். கடற்கரையில் வணிகம் செய்ய வந்தோர் உள்நாட்டுக் கோட்டைத் தலைவரோடு போரிடும் துணிவு பெற்றுவிட்டனர் என்பதற்கு இஃது ஓர் அறிகுறி. இதனிடையே, ஆர்க்காட்டிற்குச் செலுத்தவேண்டிய திறை ஆண்டுதோறும் நிலுவைப்பட்டு வளர்ந்துகொண்டே சென்றது.

தில்லியின் தளர்ச்சி

ஈண்டுச் சிறிது தில்லியை நோக்குவோம். கி. பி. 1707இல் ஔரங்கசீபு இறந்தான். அவன் மகன் பகதூர்ஷா ஐந்தாண்டு ஆண்டு 1712இல் மறைந்தான். அடுத்து அரியணை ஏறிய ஜகாந்தர்ஷா ஓராண்டளவில் ஒழிந்தான். 1713இல் பரூக்சியர் பேரரசனானான். ஆறாண்டுக்குள் நான்கு பேரரசரைத் தில்லி கண்டது. செஞ்சியை வென்ற சுல்பிகர்கான், ஜகாந்தர்ஷாவின் முதலமைச்சனாய் உயர்ந்து, பரூக்சியர் ஆணையால் 1713இல் கொல்லப்பட்டான். சொரூப்சிங்கின் பணியை நேரில் அறிந்து, அவன் குடிக்காகத் தில்லியில் ஒரு சொல் சொல்லத்தக்கவர் எவரேனும் இருந்தனராயின், அவருள் தலையாயவன் இவ்வாறு மறைந்தான்.

பேரரசு தளருங்கால் மாகாணத் தலைவர் வலுப்பெறுதல் உலகியல்பு. கி. பி. 1710 முதல் கருநாடகத்தின் நவாபாய் ஆர்க்காட்டிலிருந்து ஆண்டவன் சாததுல்லாகான். அவனைக் கொடியவன் என்று கூறுதற்கு இடமில்லை. வரவு செலவில் கண்ணுங்கருத்துமாயிருந்து, நாட்டை ஒழுங்குபடுத்திய ஆட்சியாளன் என்றே வரலாறு அவனைக் குறிக்கின்றது. தன் நாட்டின் நடுவே ஒரு பெருங்கோட்டை, திறை செலுத்தாத ஒருவன் கையில் இருத்தலை அவன் பொறுத்திருக்க வேண்டுவது ஏன்? இவ்வினா அவனுக்கு நாடோறும் எழுந்திருக்கும். முதியவனாகிய சொரூப்சிங் இருக்கும்வரை அவன் பொறுத்திருந்தான்.

தேசிங்கின் இளமை

சொரூப்சிங்கின் மைந்தன் தேஜசிங். அப்பெயரே தமிழ்மக்கள் நாவில் தேசிங்கு என்றாயிற்று. வடபுலத்துப் பிறந்த அவனைத் தமிழகம் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டமைக்கு இப்பெயர்த்திரிபே சான்று.

அவன் இளமையைப் பற்றித் தேசிங்குராஜன் கதை என்னும் கதைப்பாடல் வியத்தகு செய்தி ஒன்று கூறும். தில்லியில் எவராலும் அடக்கலாகாத குதிரை ஒன்று இருந்ததென்றும், அதனை அடக்கமாட்டாமையால் தேசிங்கின் தந்தை சிறையுற்றான் என்றும், சிறுவனாகிய தேசிங்கு அரங்கநாதனை நினைந்து அதன்மேல் தாவியேறி அடக்கித் தந்தையை மீட்டான் என்றும், பாராசாரி என்னும் அக்குதிரையையே பரிசாகப் பெற்றான் என்றும் பாடுவர். இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. சொரூப்சிங் பல்லாண்டு கோட்டைத் தலைவனாயிருந்து முதுமையால் இறந்தவன் என்றே வரலாற்றால் அறிகின்றோம். ஆயினும், பூந்தேலர் குதிரையேற்றத்தில் வல்லவர் என்பதும், தேசிங்கு அக்குடிக்கு ஏற்ற வீரன் என்பதும் இப்பாடலின் அடியிலுள்ள உண்மைகளாம்.

கி. பி. 1714இன் தொடக்கத்திற் சொரூப்சிங் இறந்தான். பூந்தேல்கண்டத்திலிருந்த தேசிங்கு செய்தி கேட்டு, தன் இளமனைவியொடும் சிறு பரிவாரத்தொடும் தெற்கு நோக்கிப் புறப்பட்டான். அவளைக் கதைப்பாடல் ராணிபாய் என்று வழங்கும். செஞ்சியை அடைந்து, தந்தைக்குச் செய்யவேண்டிய கடன்களை முடித்து, கோட்டைத் தலைமையைத் தன் உரிமையென ஏற்றுக்கொண்டான். அப்பொழுது அவனுக்கு அகவை இருபத்திரண்டு என்பர்.

திறைப்பூசல்

இங்கேதான் பூசல் முளைத்தது. நவாபின் பக்கத்தார் கூறியது இது: கில்லேதார் பதவி அரசன் ஒருவனுக்குக் கொடுக்கும் பணியேயன்றித் தந்தைக்குப்பின் மைந்தனுக்குச் செல்லும் சொத்தன்று, புதிய பேரரசனிடமிருந்து புதிய ஆணை பெற்றாலன்றி அதனை ஏற்றல் முறையன்று, பெற்றாலும் தந்தை வைத்துச்சென்ற நிலுவையைத் தீர்த்தல் வேண்டும். தேசிங்கு கூறியதோ வேறு: ஔரங்கசீபு தன் தந்தைக்கு அளித்த ஆணைப்பத்திரம் தன்னிடம் உளது, அதனை நவாபு மறுத்தல் இயலாது, தில்லிக்கு அடங்கியவனே யானன்றி ஆர்க்காட்டிற்கு அடங்கியவனல்லன்.

நடுநின்று நோக்குவார்க்கு இரண்டினும் ஓரளவு நியாயம் தோன்றும். பேரரசின் பழைய முறைப்படி நவாபின் பக்கம் வலுவுடையது. மொகலாயர் ஆட்சியிற் பதவிகள் பிறப்புரிமையாய்ச் செல்லும் வழக்கில்லை. ஆனால் அப்பழைய முறையை நவாபுகளே மெல்ல மெல்லக் கைவிட்டுவந்தனர். நவாபு பதவி சாததுல்லாகானுக்குப்பின் அவன் தமையன் தம்பியர் வழியிலேயே சென்றது. தனக்கு ஒரு வழக்கும் தன்கீழுள்ளார்க்கு ஒரு வழக்கும் கொள்ளுதல் மாறுதற்காலத்து மன்னர்க்கு இயல்பு.

தேசிங்கின் பிழை வேறிடத்தது. அவன் கையிலிருந்த பத்திரம் உண்மையானது; அதனை எழுதுவித்த கையோ ஏழாண்டுக்கு முன்னரே மண்ணாயிற்று. அதற்காகப் படையனுப்பும் வலிமை தில்லிக்கு இல்லை; விருப்பமும் இல்லை. எழுத்து அன்று எழுதியபடியே இருந்தது. எழுத்தைக் காக்கும் அரசு மட்டும் இல்லை. இதனை முதியோர் சிலர் அவனுக்கு உணர்த்த முயன்றிருத்தல் கூடும். நிலுவையில் ஒரு பகுதியையேனும் கொடுத்துக் காலங்கடத்துதல் அக்காலத்துப் பாளையக்காரர் பலரும் கைக்கொண்ட வழி. இளைஞனாகிய தேசிங்கு அதனை மானக்கேடாகக் கருதினான்.

போர்

நவாபின் படை ஆர்க்காட்டிலிருந்து புறப்பட்டது. அதன் தொகையைக் கதைப்பாடல்கள் பலபடக் கூறும். தேசிங்கின் குதிரைவீரர் சில நூற்றுவரே என்பதும், நவாபின் படை அதனினும் பன்மடங்கு பெரிது என்பதும் எல்லாரும் ஒப்புவன. நவாபின் முன்னணிப்படை செஞ்சிக்கு வடக்கேயுள்ள தேவனூர்ப் பக்கம் வந்து ஊர்களை வருத்திற்று. அச்செய்தி கேட்டுத் தேசிங்கு வெகுண்டான்.

செஞ்சிக்கு அணித்தேயுள்ள சிங்கவரத்தில், பாறையைக் குடைந்த கோயிலிற் பள்ளிகொண்ட அரங்கநாதப் பெருமாள் தேசிங்கு வழிபட்ட தெய்வம். போருக்கு விடைபெறச் சென்ற அவனுக்கு விடைகொடாது பெருமாள் முகந்திருப்பிக் கொண்டார் என்று அப்பக்கத்தார் இன்றும் கூறுவர். அத்திருவுருவின் முகம் ஒருபால் திரும்பியிருத்தலைச் சான்றாகவும் காட்டுவர். செல்லாதே என்று மனிதர் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை மக்கள் தெய்வத்தின்மேல் ஏற்றிச் சொன்னார்கள் போலும்.

தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான் என்னும் இசுலாமிய வீரன். கதைப்பாடல் அவனை மோவுத்துக்காரன் என்று வழங்கும். போர்ச்செய்தி வந்தபொழுது அவன் மணக்கோலத்தில் இருந்தான் என்றும், தோழனது ஓலை கண்டவுடனே மாலையைக் களைந்து, நீலவேணி என்னும் தன் குதிரைமேல் ஏறி வந்தான் என்றும் பாடுவர். மணக்கோலம் பாடல் சேர்த்ததாயினும் ஆகுக. அவன் தேசிங்கின் பக்கம் நின்று போரிட்டு மடிந்தது வழிவழியாக எல்லாரும் ஒருமுகமாகக் கூறும் செய்தி.

கி. பி. 1714 அக்டோபர் 3ஆம் நாள். வாரகநதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்றில் வெள்ளம் பெருகிச் சென்றது. வெள்ளம் வடியும்வரை காத்திருத்தல் தேசிங்கிற்கு நன்மையே. பகைவர் படைக்கு உணவு குறையும், மழையில் நோயும் பரவும். அவன் காத்திலன். குதிரையை ஆற்றிற் செலுத்தினான். உடன் வந்தோருள் ஒரு பகுதியினரே அக்கரை சேர்ந்தனர். சேர்ந்தோரைக் கொண்டு, நவாபின் படையினுட் புகுந்து, யானைமேலிருந்த தலைவனையே குறிவைத்துப் பாய்ந்தான்.

வெங்கடகிரி அரசர் குடியின் வரலாறு, அந்த யானைமேலிருந்தவன் நவாபல்லன், நவாபுக்குத் துணையாக வந்த பங்காரு யாசமநாயக்கனே என்று கூறும். தேசிங்கு அவனை நவாபென்று எண்ணி நெருங்கினானாம். எவ்வாறாயினும், அப்பாய்ச்சலே அவனுடைய இறுதிப் பாய்ச்சலாயிற்று. குதிரை வெட்டுண்டு வீழ்ந்தது. மகபத்கான் முன்னரே மடிந்தான். தேசிங்கு பகைவரால் வீழ்த்தப்பட்டான் என்பர் வரலாற்றார். பகைவர் கையால் மாளேன் என்று தன் வாளுக்கே தான் இரையானான் என்பர் பாடுவோர். கடலி என்னும் ஊரின் வெளியை அவன் வீழ்ந்த களமென்றும், நீலாம்பூண்டியை மகபத்கானும் குதிரையும் அடக்கம்பெற்ற இடமென்றும் காட்டுவர்.

ஒன்றை ஈண்டு வற்புறுத்திக் கூறவேண்டும். இப்போரை இந்து முசுலிம் போரென்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பிழை. தேசிங்கின் பக்கம் இசுலாமியனாகிய மகபத்கான் உயிர்கொடுத்தான். நவாபின் பக்கம் இந்துவாகிய வெங்கடகிரி நாயக்கன் படைகொணர்ந்தான். தேசிங்கின் தந்தைக்குக் கோட்டையைக் கொடுத்தவனும் ஔரங்கசீபே. சமயம் இப்பூசலிற் புகவில்லை. நிலவருவாயும் உரிமையும் மானமுமே புகுந்தன. இரு சமயத்துச் சிறுவரும் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் பள்ளிகளில் இவ்வுண்மை தவறாது உரைக்கத் தக்கது.

போரின் பின்

வென்ற நவாபு இறந்தவனுக்குரிய பெருமையை மறுத்திலன். தேசிங்கின் உடல் செஞ்சிக்குக் கொணரப்பட்டு, செட்டிகுளத்தங்கரையில் எரியூட்டப்பட்டது. அவன் மனைவியும் அத்தீயிற் புகுந்தாள் என்பர். அவளும் இளம்பெண்ணே, தன் பிறந்தகத்தை விட்டு அவள் செஞ்சி வந்து ஓராண்டும் ஆகவில்லை. அக்காலம் அதனைக் கற்பின் உயர்வென்று போற்றிற்று. நாமோ, கணவன் கேளாத நல்லுரைக்கு அவள் உயிர் விலையாயிற்றே என்று இரங்குதலே தகும். அக்கொடிய வழக்கம் 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் விலக்கப்பட்டது. அவள் நினைவாகவே நவாபு, பாலாற்றின் மறுகரையில் ஆர்க்காட்டிற்கு எதிரே அமைந்த ஊருக்கு இராணிப்பேட்டை என்று பெயரிட்டான் என்பது வழக்கு.

கோட்டை நவாபு வசமாயிற்று. சாததுல்லாகான் பெயரால் அமைந்த பள்ளிவாசல் இன்றும் கோட்டையுள் நிற்கின்றது. ஆனால் கோட்டையின் கதை அத்துடன் முடியவில்லை. கி. பி. 1750 செப்டம்பர்த் திங்களில், புஸ்ஸி என்னும் படைத்தலைவனோடு வந்த பிரெஞ்சுப்படை, ஒரே இரவில் அதனைக் கைப்பற்றிற்று. எட்டாண்டு நின்ற கோட்டை ஓரிரவில் வீழ்ந்தது! கல் அதே கல்தான். உள்ளிருந்தோர்க்கு ஊக்கமில்லை; வெளியே துணையுமில்லை. புதுவை வீழ்ந்த 1761ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் அதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பெற்றனர். சில நூறு குதிரைவீரரோடு தேசிங்கு காக்க முயன்ற உரிமை எதுவோ, அதனை அவனை வென்ற நவாபின் நாடும் ஒரு நூற்றாண்டு காக்கவில்லை. கருநாடகத்தின் ஆட்சி 1801இல் ஆங்கிலக் கும்பெனியாரிடம் சென்றது. நிலுவைக் கணக்கு எழுதி ஒருவரை ஒருவர் வீழ்த்திக்கொண்டிருந்த தலைவர் அனைவர்க்கும், கடற்கரையில் இருந்த வணிகர் தம் கணக்கைத் தனியே எழுதி வந்தனர்.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் அரண்கள் பன்னிரண்டனை உலகப் பண்பாட்டுச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தின. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. காவலர் இல்லாத அக்கோட்டையை இன்று காண வருவோர் கட்டணம் செலுத்திப் படியேறுகின்றனர்.

முடிவுரை

இனி, அச்சிறுவனது வினாவிற்கு விடை கூறுவோம். தேசிங்கு ஏன் வெளியே சென்றான்?

திருவள்ளுவனார் அரணுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, மதிலின் உயரத்தைக் கூறியதோடு நில்லாமல், உள்ளிருப்போர்க்கு வேண்டும் பொருளையும், அவர்தம் செயல்திறனையும் சேர்த்தே ஓதினார். இராஜாராமுக்கு உள்ளே உணவும் வெளியே சாந்தாஜியும் தானாஜியும் இருந்தனர். தேசிங்கிற்கு உள்ளே இருந்தோர் மூன்று மலைக்கும் நீண்ட மதிலுக்கும் காணாத சிறு தொகையினர். வெளியே ஒரே ஒரு தோழன். காத்திருந்தால் மீட்க வருவார் யாருமிலர். ஆகலின், உள்ளே இருந்தாலும் அக்கோட்டை அவனை நெடுநாள் காத்திராது என்று கருத இடமுண்டு. அவன் வெளியே சென்றது முழுதும் அறியாமையன்று. ஆனால் அந்நிலை வருமுன்னரே செய்யத்தக்கன பல இருந்தன. ஆணையைப் புதுப்பிக்க முயன்றிருக்கலாம். நிலுவையிற் சிறிது கொடுத்திருக்கலாம். அயலிலுள்ள பாளையக்காரரைத் துணைகொண்டிருக்கலாம். குறைந்தது, ஆற்று வெள்ளம் வடியும்வரை பொறுத்திருக்கலாம். அஞ்சாமை அவன்பால் நிரம்ப இருந்தது. சூழ்ச்சித் துணையே இல்லை. சூழ்ச்சி என்றது வஞ்சத்தையன்று. மூத்தோரோடு இருந்து எண்ணித் துணிதலை.

அங்ஙனம் எண்ணித் துணிந்திருந்தால் அவன் நெடுநாள் வாழ்ந்திருப்பான்; ஒருவரும் அவனைப் பாடியிருக்கமாட்டார் என்று கூறுவாரும் உளர். அஃது உண்மையே. சாததுல்லாகானை யாரும் பாடவில்லை. அவன் நாட்டில் கணக்கு ஒழுங்காயிருந்தது. அவன் முதுமையுற்றே இறந்தான். பாடல் ஒரு பக்கமும் நல்லாட்சி மற்றொரு பக்கமும் நின்றால் நம் மக்களின் நெஞ்சு பாடலின் பக்கமே சாய்கின்றது. அதனைக் குறைகூற யான் துணியேன். யானும் சிறுவயதில் திருவிழா இரவுகளில் அப்பாடலைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தவனே.

ஆயினும், வகுப்பில் என்முன் அமர்ந்திருப்போர் பதின்மூன்றும் பதினான்கும் அகவையினர். எட்டாண்டு கழிந்தால் அவரும் தேசிங்கின் வயதினர். அவருள் சிலர் நம் நாட்டுப் படையிற் சேர்ந்து பனிமலை எல்லைகளில் நிற்பர். ஏனையோர் ஊரிலே வரப்புக்கும் வாய்க்காலுக்கும் எழும் வழக்குகளில் நிற்பர். மானம் என்னும் சொல்லைக் கேட்டவுடனே ஆற்று வெள்ளத்திற் குதிரை செலுத்தும் இயல்பு இருசாரார்க்கும் உண்டு. அவர்க்கு யான் அன்று கூறிய விடை பாதி விடையே. மற்றைப் பாதியை இப்பொழுது கூறுகின்றேன்: தேசிங்கின் அஞ்சாமையைக் கொள்ளுங்கள், மகபத்கானின் நட்பைக் கொள்ளுங்கள், வெள்ளம் வடியும்வரை கரையில் நிற்கும் பொறுமையை மட்டும் தேசிங்கிடம் தேடாமல் வேறிடத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

செட்டிகுளத்தங்கரைக்குச் செல்லும் அன்பர்கள் அங்கே சிறிது நேரம் நிற்பாராக. பின்னர், நேரம் வாய்ப்பின், தளவானூர்க் குடைவரைக்கும் சென்று வருவாராக. போரிற் புகழ் விரும்பிய இருவருள் ஒருவன் கல்லைக் குடைந்து வைத்துச் சென்றான். மற்றொருவன் தன் உயிரை வைத்துச் சென்றான். அவ்விரண்டிடத்தும் இன்று அமைதியே குடிகொண்டுள்ளது. அவ்வமைதியைக் காத்து நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்லுதல் நம் கடன்.